1003 யாரு? – பன்னிரண்டு கணினிகளுக்கு ஒரே லாகின்

எங்கள் ஆய்வகத்தில் பன்னிரண்டு லினக்ஸ் கணினிகள். கூடவே எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொது டிஸ்க் சர்வர். இவற்றைப் பார்த்துக்கொள்வது உண்மையில் என் வேலை இல்லை. ஆனால் "உனக்குத்தான் லினக்ஸ் தெரியுமே" என்று யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அது நம் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். இதைப் படிக்கிற பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொது டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன். மூன்று மாதமாகத் தொடாத உங்கள் கோப்புகளை அழித்துவிடுங்கள், எப்படி என்று தெரியாதவர்கள் கீழே இருக்கிற கட்டளையை அப்படியே ஓட்டுங்கள் என்று. 'ஃபைண்ட்' கட்டளைதான். பொது டிஸ்க் முழுக்கத் தேடு, உரிமையாளர் நானாக இருந்து, 90 நாளுக்கு மேல் மாறாத கோப்பு எது இருந்தாலும் அழி. 'உரிமையாளர் நான்' என்ற நிபந்தனைதான் இருக்கிறதே, யாரும் அடுத்தவர் கோப்பைத் தொட்டுவிட முடியாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஒரு முனைவர் பட்ட மாணவி வந்து நின்றார். "சார், என் சிமுலேஷன் ஃபோல்டர்ல பாதிய காணோம்."

வைரஸ் இல்லை. டிஸ்க் பழுதும் இல்லை. வேறொரு கணினியில் வேலை செய்யும் ஒரு பையன் நான் கொடுத்த கட்டளையை நான் சொன்னபடியே ஓட்டியிருக்கிறான். அவனுடைய கணினியும், டிஸ்க் சர்வரும் சேர்ந்து, அந்த மாணவியின் கோப்புகள் அவனுடையவை என்று நேர்மையாகவே சாட்சி சொல்லியிருக்கின்றன. கொஞ்சம் பேக்கப்பில் கிடைத்தது. கிடைக்காததை மறுபடி ஓட்டி எடுக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

என்ன நடந்தது என்று புரிய, யுனிக்ஸ் வகை இயங்குதளம் நம்மை எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரை வைத்து இல்லை. எண்ணை வைத்து. டிஸ்க்கில் ஒரு கோப்போடு சேர்த்து எழுதப்படுவது உங்கள் பெயர் இல்லை, 'யூஐடி' என்ற ஓர் எண். 'எல்எஸ்' கட்டளை கொடுத்தால் பெயர் தெரிகிறதே என்றால், அது அந்த நொடியில் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு கணினியிலும் 'எட்ஸி' அடைவுக்குள் 'பாஸ்வ்ட்' என்றொரு கோப்பு இருக்கிறது. ஒரு யூசருக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு கட்டங்கள்: பெயர், கடவுச்சொல், யூசர் எண், குழு எண், முழுப்பெயர் போன்ற விவரம், ஹோம் அடைவு, ஷெல். எண்ணுக்கு எதிரே என்ன பெயர் இருக்கிறதோ அதை எடுத்துக் காட்டிவிடும்.

(அந்த ஐந்தாவது கட்டத்துக்கு 'ஜீகாஸ்' என்று பெயர். பெல் லேப்ஸில் ஆரம்பகால யுனிக்ஸ் கணினிகள் அச்சிடும் வேலைகளை ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜீகாஸ் இயங்குதளம் ஓடும் பெரிய கணினிக்கு அனுப்பும். அங்கே தேவைப்படும் அடையாள விவரத்தை வைக்க ஒதுக்கிய இடம் அது. அந்தக் கணினி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கட்டத்தின் பெயர் மட்டும் நம் எல்லா லினக்ஸ் பெட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறது.)

இப்போது பிரச்சினை எங்கே? பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் சாதாரண யூசர்களுக்கான எண் 1000-இல் தொடங்கும். முதலில் சேர்க்கிறவருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இப்படி எண்ணிக்கொண்டு போகும். மாணவியின் கணினியில் நான்காவதாகச் சேர்க்கப்பட்டவர் அவர், எண் 1003. அந்தப் பையனின் கணினியில் நான்காவது ஆள் அவன். அவனும் 1003.

தனித்தனியாக இருக்கிறவரை இது ஒன்றும் தப்பில்லை. இரண்டு தெருவில் இரண்டு 14-ஆம் நம்பர் வீடு இருக்கலாம். ஆனால் இரண்டு கணினிகளும் ஒரே என்எஃப்எஸ் டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது, தெருப்பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் எழுதின கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது. என்எஃப்எஸ்-இன் இயல்பான ஏற்பாட்டில், "நான் 1003 பேசறேன்" என்று கணினி சொன்னால் சர்வர் நம்பிவிடும். மறுகேள்வி கிடையாது. ஃபோல்டரின் உரிமையாளரும் 1003, அழிக்கச் சொல்கிறவரும் 1003. அழித்துவிட்டது.

பன்னிரண்டு கணினிகளில் பன்னிரண்டு யூசர் பட்டியல்கள் இருந்ததுதான் என் தப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் வேண்டும். இது 1980களிலேயே மற்றவர்கள் முட்டிக்கொண்ட சுவர்தான்.

என்எஃப்எஸ்-ஐ உருவாக்கிய சன் நிறுவனமே கூடவே ஒரு தீர்வையும் கொடுத்தது. ஒரு சர்வரில் பட்டியலை வைத்துக்கொண்டு, மற்ற கணினிகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. முதலில் அதற்கு 'யெல்லோ பேஜஸ்' என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசி விவரப் புத்தகம் மாதிரி என்ற எண்ணத்தில். பிரிட்டனில் அந்தப் பெயர் அப்போது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறியாக இருந்தது. அதனால் 'என்ஐஎஸ்' என்று மாற்றினார்கள். கட்டளைகளின் பெயரில் மட்டும் 'ஒய்பி' என்ற இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டே இருந்தது. பயன்படுத்த மிக எளிது, அரை நாளில் அமைத்துவிடலாம். ஆனால் உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கிற யார் கேட்டாலும் கடவுச்சொல் ஹாஷ்களோடு சேர்த்துப் பட்டியலை நீட்டிவிடும்.

அது ஏன் ஆபத்து? யுனிக்ஸ் நெடுங்காலம் கடவுச்சொல்லை ஹாஷ் செய்து, அதை எல்லாரும் படிக்கக்கூடிய அதே பாஸ்வ்ட் கோப்பில்தான் வைத்திருந்தது. எண்ணைப் பெயராக மாற்ற எல்லா நிரல்களும் அந்தக் கோப்பைப் படித்தாக வேண்டும், மறைக்க முடியாது. 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்ஸனும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. கடவுச்சொல்லோடு 12 பிட் 'சால்ட்' சேர்ப்பது, ஹாஷ் கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது எல்லாம் அதில் விளக்கியிருப்பார்கள். ஹாஷ் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, உடைக்க நேரமாகும் என்பது கணக்கு. கணினிகள் வேகமாக ஆக ஆக அந்தக் கணக்கு தப்பிப்போனது. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய புழு, நுழைந்த கணினியின் பாஸ்வ்ட் கோப்பைப் படித்து, தன்னிடமிருந்த 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகித்தது. அந்தப் புழுவை எழுதியவர் அதே ராபர்ட் மோரிஸின் மகன். கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஹாஷ்களை ரூட் மட்டும் படிக்கக்கூடிய 'ஷேடோ' கோப்புக்கு நகர்த்துவது வழக்கமானது. அப்படி மறைத்து வைத்ததை என்ஐஎஸ் மறுபடி நெட்வொர்க்கில் விரித்து வைத்தது என்றால், 'மையப்படுத்துவது' என்ற ஒன்றே போதாது என்று புரியும். நாம் யார் என்ற பட்டியல் ஒன்று. நாம் சொல்வது உண்மையா என்று சோதிப்பது வேறொன்று. முதலாவதை எல்லாரும் படிக்கலாம். இரண்டாவது யார் கண்ணிலும் படக்கூடாது.

இந்தப் பிரிவினை லினக்ஸில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் பல வருடம் கவனிக்காமல் இருந்தேன். பட்டியல் கேட்கும் வேலை 'என்எஸ்எஸ்' உடையது. (கல்லூரியில் மரம் நட்ட என்எஸ்எஸ் இல்லை.) 'என்எஸ்ஸ்விட்ச்' என்ற சின்னக் கோப்பில், யூசர் விவரம் வேண்டுமென்றால் முதலில் உள்ளூர்க் கோப்பைப் பார், அங்கே இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் கேள் என்று வரிசை எழுதியிருக்கும். சோதிக்கும் வேலை 'பாம்' உடையது. 1995-இல் சன் பொறியாளர்கள் முன்வைத்த யோசனை இது: லாகின், எஸ்எஸ்ஹெச், சூடோ என்று ஒவ்வொரு நிரலும் கடவுச்சொல்லைத் தானே சோதிக்காமல், கழற்றி மாட்டக்கூடிய துண்டுகளிடம் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். பாம் கோப்பைத் தவறாக எழுதினால் பெயருக்கேற்ற விளைவு கிடைக்கும். ஒரு டெர்மினலில் ரூட்டாக உள்ளே இருந்துகொண்டு, இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே முதல் டெர்மினலை மூடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது ஃப்ரீஐபிஏ. இது தனியாக ஒரு கண்டுபிடிப்பு இல்லை, பழைய பொருள்களைச் சேர்த்துக் கட்டின ஒரு மூட்டை. யூசர் பட்டியலை எல்டாப் வைத்திருக்கும். கடவுச்சொல் சோதனையை கெர்பரோஸ் செய்யும். எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது கெர்பரோஸ். கடவுச்சொல் நெட்வொர்க்கில் பயணம் செய்யாது, அதற்குப் பதில் கொஞ்ச நேரம் செல்லுபடியாகும் டிக்கெட் கிடைக்கும். கிளையண்ட் கணினிகளில் 'எஸ்எஸ்எஸ்டி' என்ற நிரல் ஓடி, என்எஸ்எஸ், பாம் இரண்டுக்கும் பதில் சொல்லும். எல்டாப்பில் யுனிக்ஸ் யூசர் விவரத்தை எப்படி வைப்பது என்று 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2307 ஒரு வழி சொன்னது. இன்றைக்கும் எண், குழு, ஹோம் அடைவு, ஷெல் எல்லாம் அந்த வழியைத் தழுவித்தான் போகின்றன. அதாவது அந்த ஏழு கட்டங்கள்தான், வேறு உடையில்.

நிறுவுவது ஒரு நாள் வேலை. எண்களை மாற்றுவதுதான் இரண்டு வார இறுதிகளை விழுங்கியது.

இந்த இடத்தை கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் இன்னொரு விபத்து காத்திருந்தது. மாணவியின் கோப்புகளை 1003-இலிருந்து 1005 ஆக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டிஸ்க்கில் ஏற்கெனவே 1005 என்று ஒருவர் இருந்தால், இருவர் கோப்புகளும் கலந்துபோகும். கலந்த பிறகு பிரிக்கவே முடியாது, எண்ணைத் தவிர வேறு அடையாளம் டிஸ்க்கில் இல்லை. அதனால் புது எண்கள் பழைய எண்களோடு எங்கேயுமே மோதாத உயரத்தில் இருக்க வேண்டும். ஃப்ரீஐபிஏ நிறுவும்போதே பெரிய எண்களில் இரண்டு லட்சம் இடம் கொண்ட ஒரு வரம்பைத் தானே ஒதுக்கிக்கொள்கிறது. அது எவ்வளவு நல்ல விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

தனிக் கணினிகளின் உள்ளூர் டிஸ்க்குகளில் வேலை சுலபம். இந்தக் கணினியில் 1003 என்றால் இன்னார், புது எண்ணுக்கு மாற்று. பொது டிஸ்க்கில்தான் சிக்கல், அங்கே 1003 என்பது ஏற்கெனவே மூன்று பேர். மூன்று பேரையும் உட்கார வைத்து, ஃபோல்டர் ஃபோல்டராக "இது யாரோடது?" என்று கேட்டு எழுதினேன். பஞ்சாயத்து மாதிரி இருந்தது. யாருமே உரிமை கோராத ஃபோல்டர்கள் ஒன்பது. அவற்றை இன்றுவரை அழிக்கவில்லை, அழிக்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது.

பழைய பேக்கப்புகள் என்ன ஆகும் என்றும் பயந்தேன். இங்கே 'டார்' காப்பாற்றியது. டார் கோப்பில் எண்ணும் இருக்கும், பெயரும் இருக்கும். ரூட்டாகப் பிரிக்கும்போது, அந்தப் பெயரில் கணினியில் ஒரு யூசர் இருந்தால், பெயரையே மதித்து இன்றைய எண்ணைப் போட்டுவிடும். எண்ணைத்தான் மதிக்க வேண்டும் என்று நாம் தனியாகச் சொன்னால் மட்டுமே பழைய எண் திரும்பி வரும். 'ஆர்சிங்க்' கூட அப்படித்தான். ஆகவே லாகின் பெயர்களை மட்டும் மாற்றாதீர்கள். இதைச் சாக்காக வைத்து எல்லாருக்கும் 'முறையான' புதுப் பெயர் வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார், நல்லவேளை கேட்கவில்லை.

பட்டியல்களை ஒன்றாக்கும்போது வேறொன்றும் தெரியவந்தது. இரண்டு வருடம் முன்பு வேலை மாறிப் போன ஒருவரின் கணக்கு நான்கு கணினிகளில் இருந்தது. பூட்டித்தான் வைத்திருந்தேன், 'பாஸ்வ்ட்' கட்டளையில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. சும்மா போன் பண்ணி விசாரித்தேன்.

"அண்ணே, நான் போன வாரம்கூட உள்ள வந்தேனே. பழைய ஸ்கிரிப்ட் ஒண்ணு தேவைப்பட்டுச்சு."

கடவுச்சொல்லைப் பூட்டினால் கடவுச்சொல் மட்டும்தான் பூட்டும். எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவரிடம் யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை. அவர் ஹோம் அடைவில் பொதுச் சாவி பத்திரமாக இருந்தது, கதவும் திறந்தது. அந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது: இது கணக்கை முடக்காது, முடக்க வேண்டுமானால் கணக்கின் காலாவதி நாளைக் கடந்துபோன தேதியாக வையுங்கள் என்று. பத்து வருடமாக அந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறேன், கையேட்டில் அந்த வரி வரைக்கும் போனதே இல்லை. அவர் நல்ல மனிதர், ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராவது என்றால்? இப்போது ஃப்ரீஐபிஏவில் ஒரே இடத்தில் முடக்கினால், சாவியோடு வந்தாலும் பாமின் கணக்குச் சோதனையில் எல்லாக் கணினிகளிலும் நின்றுவிடுகிறார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் மட்டும் தானாக நிற்காது, அவற்றை நாம்தான் போய் நிறுத்த வேண்டும்.

மையப்படுத்துவதில் தலைகீழான ஆபத்தும் உண்டு. முன்பு ஒவ்வொரு கணினியிலும் கணக்கு திறக்க வேண்டும், இப்போது ஒருமுறை திறந்தால் எல்லாக் கணினிகளுக்கும் வழி கிடைத்துவிடும். ஃப்ரீஐபிஏவை நிறுவியதும் 'யாரும் எங்கும் நுழையலாம்' என்ற விதி இயல்பாகவே இருக்கிறது. சோதித்துப் பார்க்க வசதி, அப்படியே விட்டால் வம்பு. நான் குழுக்களுக்குத் தனி விதி எழுதிவிட்டு அதை எடுத்துவிட்டேன். எண்களைச் சரிசெய்ததோடு என்எஃப்எஸ் ஓட்டையும் அடைந்துவிடாது. தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ள எவரும் எந்த எண்ணையும் போட்டுக்கொண்டு சர்வரிடம் பேசலாம். டிஸ்க்கை கெர்பரோஸ் டிக்கெட் கேட்கும்படி மாற்றிய பிறகுதான் "நான் 1003" என்று வெறுமனே சொல்வது செல்லாமல் போனது.

சர்வர் படுத்துவிட்டால்? எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி அதுதான், நியாயமானதும்கூட. ஒருமுறை அந்தக் கணினியில் லாகின் ஆனவரை எஸ்எஸ்எஸ்டி நினைவில் வைத்திருக்கும், சர்வர் இல்லாவிட்டாலும் உள்ளே விடும். புதிதாக வருகிறவருக்கு மட்டும் முடியாது. இரண்டாவது சர்வர் ஒன்றும் வைத்தேன். ரூட் கணக்கும், அவசரத்துக்கான ஒரு நிர்வாகக் கணக்கும் ஒவ்வொரு கணினியின் உள்ளூர்க் கோப்பிலேயே இருக்கின்றன. என்எஸ்ஸ்விட்ச் வரிசையில் உள்ளூர்க் கோப்பு முதலில் இருப்பதன் அருமை இதுதான்.

உண்மையில் முதல் தொல்லை சர்வரால் வரவில்லை. மின்வெட்டு முடிந்து ஒரு கணினி எழுந்தது, மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றது. கெர்பரோஸ் டிக்கெட்டில் நேரம் உண்டு, இரண்டு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். பாவம், அந்த ஆள் சரியான கடவுச்சொல்லைத்தான் இருபது முறை தட்டியிருக்கிறார். லாகை எடுத்துப் பார்த்தால் கடிகார வித்தியாசம் என்று ஒரே வரி. முப்பது ரூபாய் பேட்டரி. இப்போது எல்லாக் கணினிகளும் நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அரை நாள் வீணாக்க வேண்டாம். எல்லா யூசர்களையும் பட்டியலிட 'கெட்எண்ட்' கட்டளையை ஓட்டினால், நெட்வொர்க் யூசர் ஒருவர்கூட வரமாட்டார். பயப்படாதீர்கள். எஸ்எஸ்எஸ்டி முழுப் பட்டியலை இயல்பாகத் தராது, பெரிய நிறுவனங்களில் அது சர்வரை மூச்சுமுட்ட வைக்கும் என்பதால். ஒரு பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பதில் வரும்.

பன்னிரண்டில் பதினொன்று இப்போது ஒரே பட்டியலில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, ஓர் அளவீட்டுக் கருவியோடு வந்த பழைய பெட்டி. அதன் இயங்குதளத்தைத் தொட்டால் கருவியின் மென்பொருள் ஓடாது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அதில் இன்றும் தனி பாஸ்வ்ட் கோப்புதான், எண்கள் 1000-இலிருந்துதான். பொது டிஸ்க்கை அதற்கு இனி மவுண்ட் செய்வதில்லை. ஒவ்வொரு இரவும் சர்வரே போய் அதிலிருந்து தரவை எடுத்து வந்து, ஃபோல்டர் பெயரைப் பார்த்து உரிமையாளரைப் போடுகிறது. அந்தப் பெட்டியில் 1003 யார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.